நீலச் சிலிண்டரில் இருந்தது

சுமீரா உட்காரக்கூட இல்லை.

"சிகரெட் பத்தவெச்சதாலதான் என் புருஷன் செத்தாருன்னு எழுதியிருக்கீங்க. அவர் அதை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சும்மா!"

சுரபாயா காப்பீட்டு அலுவலகத்தில் விசாரணை அதிகாரி வெனிங் கோப்பைப் புரட்டினார். உதவியாளர் தோஹாரி அதற்குள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

பட்டறைத் தீயில் இறந்த ஹர்ஜோனோ கார் ஏசி மெக்கானிக். பட்டறை சுமீராவின் அண்ணன் குனாடியுடையது. அங்கே இரண்டு வகை வாயு. நீலச் சிலிண்டரில் பழையது. பூமியைச் சூடாக்கும், ஆனால் தீப்பிடிக்காது. பச்சைச் சிலிண்டரில் புதியது; பூமிக்கு நல்லது, நெருப்பு மட்டும் கிட்டே வரக்கூடாது.

சுமீராவோடு அவர்கள் போனபோது, கரிந்த பட்டறையில் குனாடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த நீலச் சிலிண்டர் பக்கத்துல நெருப்பு கொண்டுபோகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

வெனிங் சுற்றிப் பார்த்தார். பச்சைச் சிலிண்டர்கள் வெளிச்சுவர் ஓரம், இறுக மூடியபடி நின்றன. உள்ளே ஹர்ஜோனோ விழுந்துகிடந்த இடத்தில் நீலச் சிலிண்டர், குழாய்க்குப் பற்றுவைக்கும் நெருப்பு டார்ச். சிகரெட் துண்டு எதுவும் அகப்படவில்லை. தோஹாரி மேசை இழுப்பறையிலிருந்து ஹர்ஜோனோவின் நோட்டை எடுத்துவந்தார்.

"மேடம், இதப் பாருங்க. ஒரே டாக்சிக்கு நீலத்துலேர்ந்து போன வருஷம் அறுநூறு கிராம் ஏத்தியிருக்காரு. தீப்பிடிச்ச அன்னிக்குக் காலைல இருநூத்திநாப்பதுதான். ஏசி நல்லா குளிருதுன்னும் எழுதியிருக்காரு. பக்கத்துல, 'மச்சானைக் கேக்கணும்.'"

வெனிங் மெல்லக் குனாடி பக்கம் திரும்பினார்.

"புது வாயு லேசானது. பாதி எடைகூட வேண்டாம், அதே குளிர் வரும். அப்போ நீலத்துல இருந்தது புதுசு. நெருப்பு மூட்டறதுக்கு முன்னாடி ஹர்ஜோனோ பச்சைய எல்லாம் வெளியே வெச்சிருக்காரு. அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு. நீலம் தீப்பிடிக்காதுன்னு நம்பித்தான் டார்ச்சை மூட்டினாரு. ஊருக்கே அப்படித்தான் தெரியும். ஆனா நீலத்துப் பக்கத்துல நெருப்பு ஆகாதுன்னு நீங்க எப்படிச் சொன்னீங்க, குனாடி?"

குனாடி பழுப்பேறிய தரையையே பார்த்தார்.

"பழசு இப்பக் கிடைக்க மாட்டேங்குது. புதுசுன்னா டிரைவருங்க பயந்து ஓடறாங்க. அதனால நீலத்துல மாத்தி அடைச்சேன். நல்ல வாயுதானே..."

"வாயு நல்லதுதான்," என்றார் வெனிங்.

சுமீரா அண்ணன் எதிரே வந்து நின்றாள். "அண்ணே, அவர் உன்னைக் கேட்டாரா?"

குனாடி தலையசைத்தார்.

"கேட்டான். தராசு கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். சரி மச்சான்னு சிரிச்சுக்கிட்டே போனான்."

சுமீரா அழவில்லை. முந்தைய அறிக்கையை வாங்கி, 'சிகரெட்' என்ற சொல்லைத் தானே அடித்தாள்.

"சுமீரா, அம்மாவுக்கு நான் ஒரே ஆம்பளப் புள்ளம்மா..." என்றார் குனாடி.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தோஹாரியிடம் பேனாவை நீட்டினாள்.

"எங்க அண்ணன் முழுப்பேரு குனாடி பிரசெத்யோ. தப்பில்லாம எழுதிக்குங்க."