ஒன்பதாம் பக்கத்து நன்கொடை

மாலைக் கல்லூரியில் கணக்கியல் வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்கும். ஆனால் காவல்துறையில் பணிபுரியும் பெண் ஏட்டு ஐந்தரைக்கே வந்துவிடுவார். கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்து, கொண்டுவந்த உணவைத் தனியே உண்டு, கை கழுவி, முந்தைய நாளின் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டிப் பார்ப்பார். இரண்டு விடைகளும் ஒத்துவந்தால்தான் பேனாவை மூடுவார். பணி முடிந்து குடியிருப்புக்குத் திரும்பினால், உள்ளிருந்து அவருக்குக் கதவு திறக்க ஒருவரும் இல்லை. எண்களாவது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்றுதான் நாற்பத்தெட்டு வயதில் இந்த வகுப்பில் சேர்ந்தார். எல்லோரும் அவரை ஏட்டம்மா என்றே அழைத்தார்கள். அழைத்தார்களே தவிர, வேறு பேச்சு அதிகமில்லை.

திங்கட்கிழமை, மாலை 6.10.

ஆசிரியர் மேசைமேல் தகரப்பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“ரொக்க ஏட்டுல ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது இருக்கு. பெட்டியில ஆயிரத்து நானூத்தி நாப்பதுதான் இருக்கு. ஆயிரத்து இருநூறு குறையுது.”



அந்தப் பெட்டி ஒரு சிறிய எழுதுபொருள் கடையினுடையது. கணக்கியலை வெறும் பாடமாகச் சொல்லித்தர விரும்பாத ஆசிரியர், வராந்தாவில் அந்தக் கடையை வைத்து, மாணவர்களிடமே ஒப்படைத்திருந்தார். பணத்தைத் தொடுபவர் கணக்கு எழுதக்கூடாது, எழுதுபவர் பணத்தைத் தொடக்கூடாது என்பது கடையின் விதி. அம்மாதம் பணப்பொறுப்பு ஒரு தையற்காரருக்கு; எழுத்துப்பொறுப்பு மருந்துக்கடை விற்பனையாளருக்கு. பின்னவரை வகுப்பு ‘மாத்திரை’ என்று அழைக்கும். பெட்டியை மாதக் கடைசியில் எண்ணுவதே வழக்கம். காகித வியாபாரி அன்று முன்னதாகவே பணம் கேட்டதால் ஆசிரியர் திறக்க நேர்ந்தது.

தையற்காரரின் பெஞ்சில் இருந்த இருவரும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மெதுவாக வேறு இடத்துக்குப் போனார்கள். அவர் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது; கண் மங்கி வருகிறது; ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தேர்வில் தேறினால் ஆடைத் தொழிற்கூடத்தில் கணக்கு வேலை உண்டு என்று வாக்குக் கிடைத்திருந்தது. தேர்வுக்கு இருபதே நாள்.

“ஏழரைக்குள்ள முதல்வருக்கு எழுதிக் கொடுத்தாகணும். திருட்டுன்னா தேர்வு எழுத விடமாட்டாங்க,” என்றார் ஆசிரியர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“சார், நான் ஒரு தடவை பாக்கலாமா?” கடைசி வரிசையிலிருந்து ஏட்டம்மா கேட்டார்.

மாலை 6.25.

அவர் ரொக்க ஏட்டை மேலிருந்து கூட்டினார், கீழிருந்து கூட்டினார். கூட்டல் சரி. சென்ற வாரத்தில் பெரிய வரவு ஒன்றே ஒன்று: செவ்வாய்க்கிழமை, நன்கொடை, ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு நாளின் பதிவுக்குப் பிறகும் ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே மட்டும் அது இல்லை. பிறகு, ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் ஒதுக்கும் பேரேட்டைப் புரட்டினார். அச்சிட்ட பக்க எண்கள். முதல் ஆறு பக்கங்களில் பழைய கணக்குகள். ஏழில் வண்டிக்கூலி: வியாழனன்று முதன்முறையாகக் கொடுத்தது. எட்டில் விளக்குப் பழுது: வெள்ளிக்கிழமை. ஒன்பதில் நன்கொடை: செவ்வாய்க்கிழமை.

“இந்த நன்கொடை யார் குடுத்தது, சார்?”

“பழைய மாணவர். போன வாரத்துக்குள்ள வந்து தரேன்னு சொல்லியிருந்தார். இப்ப விமானத்துல இருக்கார். நாளைக்குத்தான் பேச முடியும்.”

ஏட்டம்மா தையற்காரரிடம் திரும்பினார்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை இந்தப் பணம் உங்க கைக்கு வந்துச்சா?”

“வரலைம்மா. அப்படி ஒருத்தரை நான் பாக்கவே இல்லை.”

“சாவி?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி சார்கிட்ட கொடுத்துட்டேன். சனிக்கிழமை கடையில வேலை அதிகம், வகுப்புக்கு வரமாட்டேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் சாவி அவர்கிட்டதான்.”

ஆசிரியர் தலையசைத்தார்.

அடுத்து மாத்திரை.

“நீங்க பாத்தீங்களா, தம்பி?”

“பாத்தேனே. டெய்லர் அண்ணன் கையிலதான் கொடுத்தார். நான் எழுதினேன். அவ்வளவுதான்.”

“என்னைக்கு எழுதினீங்க?”

“செவ்வாய்க்கிழமையே.”

“பேரேட்டுல?”

“அதுவும் அன்னைக்கே. அன்னன்னைக்கு ஏத்தணும்னு சார் சொல்லியிருக்காரே. இதென்ன ஏட்டம்மா, ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கறீங்க?”

“பழக்க தோஷம். கோவிச்சுக்காதீங்க.”

இரண்டொருவர் சிரித்தார்கள். தையற்காரர் சிரிக்கவில்லை.

மாலை 6.50.

“சார், ஒரு சந்தேகம். புதுக் கணக்கு ஒண்ணு தொடங்கினா எந்தப் பக்கத்துல எழுதணும்?”

“அடுத்த காலிப் பக்கத்துல. நடுவுல ஒரு பக்கம்கூட விடக்கூடாது. மொத நாளே சொன்னேனே.”

“அப்ப செவ்வாய்க்கிழமை தொடங்கின கணக்கு ஏழாம் பக்கத்துல இருக்கணும் இல்லையா?”

ஆசிரியர் பேரேட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏழு; எட்டு; ஒன்பது. விரல் ஒன்பதில் நின்றுவிட்டது.

ஒரு நரி பனியில் நடந்ததாம். வேடன் தன் காலடியைப் பார்த்துவிடுவான் என்று அஞ்சி, வாலால் கூட்டிக்கொண்டே போயிற்றாம். காலடி மறைந்தது, ஆனால் கூட்டிய தடம் நேராகக் குகை வாசலில் போய் முடிந்தது. அந்த நரியை நினைத்தால் சினத்தைவிட இரக்கமே முந்திக்கொண்டு வருகிறது.

ஏட்டம்மா குரலை உயர்த்தவில்லை.

“வியாழக்கிழமைக் கணக்கும் வெள்ளிக்கிழமைக் கணக்கும் எழுதி முடிச்ச பிறகுதான் நன்கொடைக்குப் பக்கம் கிடைச்சிருக்கு. அதுக்கப்புறம் பேரேட்டைத் தொட்டது வாரக் கணக்கை முடிச்ச சனிக்கிழமைதான். அதனால இதை எழுதினது சனிக்கிழமையா இருக்கணும். தேதி மட்டும் செவ்வாய். ரொக்க ஏட்டுல செவ்வாய்க்குக் கீழ காலியா இருந்த வரியில இதைச் சேத்திருக்கு. சனிக்கிழமை டெய்லர் அண்ணன் வரலை. சாவி சார் கையில. பணம் பெட்டிக்குள்ள போகவே இல்லை. அண்ணன் இருந்த நாளாப் பாத்து ஒருத்தர் தேதி போட்டிருக்கார். அப்படிப் பொய்த்தேதி போடவேண்டிய அவசியம் பணத்தை வாங்கினவருக்குத்தான் இருக்கும்.”

எல்லாப் பார்வையும் முன் வரிசைக்குச் சென்றது. மாத்திரை எழுந்து நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன.

“சனிக்கிழமை அந்தப் பழைய மாணவர் வராந்தாவுல என் கையில கொடுத்துட்டுப் போனார். எழுதாம விட்டா, சார் அவர்கிட்ட கேட்டுடுவார். மருந்துக்கடைக் கல்லாவுல அன்னைக்கு ஆயிரத்து இருநூறு குறைஞ்சுது. வேலை போயிடும்னு பயந்து அதுல போட்டுட்டேன். சம்பளம் வந்ததும் இங்க வெச்சிடலாம்னு நெனச்சேன். மாசக் கடைசியிலதான் எண்ணுவீங்கன்னு...”

 தையற்காரர் குறுக்கிட்டார்.

“பணத்தை எடுத்ததுகூடப் போகட்டும்ப்பா. என் கையில கொடுத்தாங்கன்னு ஏன் சொன்னே? நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

 

மாலை 7.20.

மாத்திரை யாரும் சொல்லாமலே முதல்வர் அறைக்குப் போனார். நடந்ததை நின்றுகொண்டே சொன்னார். அந்த ஆண்டு தேர்வு எழுதும் அனுமதி அவருக்குப் போயிற்று, தையற்காரருடையது நிலைத்தது. முதல் தேதி வந்ததும் ஆயிரத்து இருநூறும் பெட்டிக்கு வந்தது.

ஆயினும் கணக்கு அத்துடன் நேராகிவிட்டதாக மாத்திரைக்குத் தோன்றவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை 6.30. பணிக்குச் சென்றுகொண்டிருந்த ஏட்டம்மா தையற்கடை இருக்கும் தெருவில் நின்றார். கடையின் பாதிக் கதவு திறந்திருந்தது. மாத்திரை தரையில் சம்மணமிட்டு, ஒரு குவியல் சட்டைகளுக்கு நடுவே, ஒவ்வொன்றாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊசிமெத்தையில் அன்றைய வேலைக்கான ஊசிகள் அத்தனையும் நூல் கோத்து வரிசையாக நின்றன. எதிரே தையற்காரர் பாடப்புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வு நாள்வரை ஏட்டம்மா அவ்வழியே போனபோதெல்லாம் காட்சி அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் மட்டும் தையற்காரர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். ஒரு சட்டையை எடுத்துப் பொத்தானை இழுத்துப் பார்த்தார்.

“இவ்வளவு இறுக்கித் தைக்காதேப்பா. போடறவன் மூச்சு விட வேண்டாமா?”

“பிரிச்சுத் தைக்கவா, அண்ணே?”

“பிரி. நான் காட்டறேன்.”

ஏட்டம்மா நிற்காமல் நடந்தார்.