ரேடாருக்குத் தெரியாத படகு

காலை ஏழு மணி. துறைமுகக் கிடங்கில் இருந்த செம்புக் கம்பிச் சுருள்கள் அத்தனையும் மாயம். வாயில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. சரக்கு கடல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் இரவு முழுக்க ரேடார் திரையில் ஒரு படகுகூடத் தென்படவில்லை.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'இடக்கு' என்று பெயர். மேலதிகாரி வலது பக்கம் கையைக் காட்டினால், இடது பக்கம் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"ராத்திரி ஷிஃப்ட் இவங்கதான், மேடம்," என்றார் துறைமுகக் கட்டுப்பாட்டு அதிகாரி, ரேடார் திரையருகே நின்ற பெண்ணைக் காட்டி. "ரேடாரை அணைச்சுட்டுத் திருடனுக்கு வழி விட்டிருக்காங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டதா எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து போடச் சொல்லுங்க."

ரேடார்காரி காகிதத்தைத் தள்ளிவிட்டாள். "வேலை போனாலும் சரி, ஜெயிலுக்குப் போனாலும் சரி. போட மாட்டேன். நான் அணைக்கல."

அந்த வீம்பு இடக்குக்குப் பிடித்துப் போயிற்று.

"இந்த ரேடார் தப்பு பண்ணுமா, சார்?"

"பழசு பண்ணும். இது செயற்கை நுண்ணறிவு. அலை, மழை, பறவைன்னு வேண்டாததையெல்லாம் பழகிப் பழகி அதுவே ஒதுக்கிடும். கடல் மாறினா தானும் மாறிக்கும்."

"சந்தேகம் வந்தா?"

"என்னதுன்னு கேட்கும். பதில் சொல்ற அனுமதி எனக்கு மட்டும்தான். தினமும் சாயங்காலம் நானே உட்கார்ந்து பாடம் நடத்துறேன்." அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

இடக்கு ஜன்னலருகே போனாள். வெளியே ஒரு கப்பல், இரண்டு மீன்பிடிப் படகுகள், தடுப்புச் சுவரை ஒட்டி ஆடி அசைந்து ஊர்ந்த குப்பைப் படகு. திரையில் மூன்றே புள்ளிகள். கணக்கில் அவள் ஒன்றும் புலி இல்லை. ஆனால் நாலு வரை எண்ணத் தெரியும்.

"குப்பைப் படகு எங்க, சார்?"

"அது... சின்னப் படகு, மேடம். ரேடாருக்குச் சிக்காது."

ரோந்துப் படகில் இருந்த ஏட்டை வாக்கி டாக்கியில் அழைத்தாள். "அந்தக் குப்பைப் படகுல ஏறுங்க. திருப்பி வேகமா ஓட்டச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் படகு திரும்பிச் சீறியது. திரையில் நாலாவது புள்ளி பளிச்சென்று முளைத்தது.

"சிக்காத படகு இப்ப எப்படி சிக்குச்சு?" என்றாள் இடக்கு. "சுவரை ஒட்டி மெதுவாப் போறப்ப மட்டும் அது வெறும் அலைன்னு மிஷினுக்குப் பாடம் ஆகியிருக்கு. வாத்தியார் நீங்க ஒருத்தர்தான். நேத்து ராத்திரி சரக்கும் அதே நடையில போயிருக்கு."

"கை தவறிப் போச்சு, மேடம்."

"தினமுமா? ஜன்னலுக்கு நேரா போற படகு சார் அது. தலையைத் திருப்பினா போதும்."

வாக்கி டாக்கி கரகரத்தது. "மேடம், குப்பைக்கு அடியில ஒரு சுருள் மிச்சம் இருக்கு. படகோட்டி சார் பேரைத்தான் சொல்றான்."

அதிகாரியின் முகம் செத்துவிட்டது. காவலர்கள் அவரை அழைத்துப் போனார்கள்.

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்கம்மா," என்றாள் இடக்கு.

"மாட்டேன் மேடம். அவர் சொல்லிக் கொடுத்த பொய்யெல்லாம் இன்னும் இது மண்டையில இருக்கு. ஒண்ணு விடாம எடுத்துட்டுத்தான் போவேன்."

"அதுக்கு அனுமதி வேணுமே?"

"கேட்டுட்டுத் திருடல அவரு. கேட்டுட்டுத் திருத்த நான் என்ன பைத்தியமா?" என்றபடி ரேடார்காரி அதிகாரியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.