ஆன்ட்டிபாடி வந்துடுச்சு!

போன் அலறியது.

வினிதா எடுக்கவில்லை.

ராயபுரத்தில் ரமாபாய் காணாமல் போய் மூன்று நாள். அவர் வீட்டு மாடியில்தான் வினிதா குடியிருந்தாள். அம்மா போன பிறகு, 'சாப்ட்டியா?' என்று அவளைக் கேட்க மிச்சமிருந்த ஒரே ஆன்ட்டி.

வினிதா இரண்டு முறை ஸ்டேஷனுக்கு நடந்த பிறகு, எஸ்.ஐ. சண்முகவேல் இன்றுதான் வந்திருந்தார். வந்ததுமே கிளம்பத் தயாராக இருந்தார்.

"சித்தி கோச்சிகினு பெங்களூரு போய்க்கீது சார்," என்றான் ஜெகதீசன். ரமாபாயின் அக்கா மகன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. "இந்தப் பொண்ணு சும்மா பேஜார் பண்ணுது!"

"செருப்ப வுட்டுட்டா பெங்களூரு போவாங்க?" என்றாள் வினிதா.

"புதுசு வாங்கியிருக்கும்!"

சண்முகவேல் நோட்டை மூடினார். "பெரியவங்கம்மா... தானா வருவாங்க. கேஸ முடிச்சிக்கலாம்."

முடித்துவிட்டால்... ஆன்ட்டியை இனி யாரும் தேடப் போவதில்லை!

போன் மறுபடி அலறியது. எடுத்தாள். அவள் வேலை பார்க்கும் எண்ணூர் ஆய்வுக்கூடத்திலிருந்து கிறிஸ்டினா. லைன் கரகரத்தது.

"இன்னாடி? சத்தமா சொல்லு!... ஆன்ட்டிபாடி வந்துடுச்சா?"

ஜெகதீசன் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"பிரிச்சுப் பாத்தியா?... ஐஸ்ல வெய்யி. கெட்டுடப் போவுது!"

"சான்ஸே இல்ல!" ஜெகதீசன் கத்தினான். "டிரம்முக்கு வெல்டு வெச்சு மூடிக்கீறேன்... எவன் தொறந்தான்?"



சண்முகவேல் நோட்டைத் திறந்தார்.

"எந்த டிரம்மு நைனா?"

ஜெகதீசன் அவர் காலைப் பிடித்தான்.

"வூட்ட எழுதிக் குடுக்க மாட்டேன்னுச்சு சார்... ஒரே தள்ளுதான். மூட்டையா கட்டி நானே தூக்கினு போனேன்..."

வினிதா தேடியது கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

போனில் கிறிஸ்டினா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். "அந்தக் குப்பிய ஃப்ரிட்ஜுல வெக்கட்டாடி?"

"குப்பியா?" சண்முகவேல் நிமிர்ந்தார். "அப்போ பாடி?"

"ஆன்ட்டிபாடி சார். லேபுக்கு வந்த மருந்து." வினிதாவின் குரல் தட்டையாக வந்தது. "நம்ம ஒடம்பு செல்லுக்குள்ள கைனசின்னு ஒரு புரோட்டீன் கீது. மூட்டை தூக்குறதுதான் அதுக்கு வேல. அது எங்க ஒளிஞ்சிருந்தாலும் இந்த மருந்து போயி ஒட்டிகினு காட்டிக் குடுத்துடும்."

சண்முகவேல் விலங்கை மாட்டினார்.

"இன்னும் மூடியே தொறக்கல... அதுக்குள்ள மூட்டை தூக்கினவனக் காட்டிக் குடுத்துடுச்சே! நல்ல சரக்கும்மா!"