துரை வீட்டுக் கிடாத்தலை

சந்தனத்தின் செம்மறிக் கிடாவுக்குச் சின்னதுரை என்று பெயர். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் அல்ல அது. குட்டியாக இருந்தபோதே அது தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு தேயிலைச் செடியின் முன்னாலும் நின்று முறைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போகும். எஸ்டேட்டின் உதவி மேனேஜரும் அப்படித்தான் நடப்பார். அவரை எல்லோரும் சின்னதுரை என்பார்கள். கிடாவை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

இதில் அப்பாவுக்குத்தான் சங்கடம். சந்தனத்தின் அப்பா மொக்கையன் மேனேஜரான பெரிய துரையின் பங்களாவில் தோட்டக்காரர். "ஏ சின்னதுரை, சாக்கடையில வாய வைக்காத" என்று மகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று கத்தும்போதெல்லாம் அவர் வெளியே ஓடி வருவார். யார் காதிலாவது விழுந்து தொலைத்ததா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொள்வார்.

சின்னக்கானல் மலைமேல் இருந்த வெள்ளைக்கார துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. 1976ஆம் ஆண்டு பெரிய துரையும் கிளம்பினார். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைப் பங்களா வாசலில் பரப்பி ஏலம் விட்டார்கள். அப்பாவோடு சந்தனமும் வேடிக்கை பார்க்கப் போனாள்.

அப்படிப்பட்ட சாமான்களை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. நாற்காலிக் கால்கள் நேராக, ஒல்லியாக, சீப்பால் வாரிவிட்டதுபோல் கோடு கோடாக இருந்தன. கடிகாரத்துக்கு இரண்டு பக்கமும் தூண் வைத்து அதை ஒரு குட்டிக் கோயிலாகவே ஆக்கியிருந்தார்கள். வலப்பக்கம் ஒரு விளக்கு என்றால் இடப்பக்கமும் அதேபோல ஒன்று. கண்ணாடி, தட்டு, சர்க்கரைக் கிண்ணம் எல்லாவற்றிலும் இலைமாலை தொங்கியது. எல்லாம் செதுக்கிய மாலை, வரைந்த மாலை. நிஜப் பூ ஒன்றுகூட இல்லை.

இந்த வீட்டில் என்ன விசேஷம், எல்லாச் சாமானுக்கும் மாலை போட்டிருக்கிறார்களே என்று அவள் கபிரியேல் மாமாவிடம் கேட்டாள். கபிரியேல் பங்களாவின் பட்லர். சமையலும் அவர்தான், சாமான் துடைப்பதும் அவர்தான். துடைக்கும்போது துரைசானி சொன்ன கதைகளையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பழைய கிரேக்க நாட்டுக் கோயில்கள் மேலும் ரோமாபுரிக் கோயில்கள் மேலும் பெரிய மோகம் வந்ததாம். அங்கே இருந்த தூண், மாலை, கலசம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

கடைசியாக ஒரு பெரிய வெள்ளைப் பீங்கான் பாத்திரம் ஏலத்துக்கு வந்தது. சூப் ஊற்றி வைக்கிற பாத்திரம். அதன் கைப்பிடிகளைப் பார்த்ததும் சந்தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கிடாத்தலை, அந்தப் பக்கம் ஒரு கிடாத்தலை. சுருண்ட கொம்பு, தடித்த மூக்கு, அப்படியே சின்னதுரைதான். ஒரு தலையின் கொம்பில் தொடங்கிய மாலை பாத்திரத்தின் வயிற்றில் தொங்கி அடுத்த தலையின் கொம்பில் போய் முடிந்தது.

"அந்தக் காலத்துல அவங்க கோயில்லயும் கெடா வெட்டி, தலைக்கு மாலை போட்டு வச்சாங்களாம்" என்றார் கபிரியேல். "பொறவு அதையே கல்லுல செதுக்கி வச்சாங்களாம். அதப் பாத்துச் செஞ்சதுதான் இது."

மூடி உடைந்திருந்ததால் அதை யாரும் கேட்கவில்லை. பெரிய துரை தானே அதைத் தூக்கி, இத்தனை காலம் பங்களாவுக்குப் பூ வளர்த்துத் தந்த மொக்கையன் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அம்மா சுருளியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ப்புப் பிடித்த விரலால் ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே இருந்த பலகையைக் காலி செய்து பாத்திரத்தை அங்கே வைத்தாள். அதில் அரிசி ஊறவைக்கக்கூடாது, உப்புப் போடக்கூடாது, யாரும் தொடவே கூடாது. பத்து லயத்துப் பெண்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் வந்தவர்களுக்கு உட்காரப் பாய் போட்டது சரியாக அந்தப் பலகைக்கு எதிரே.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வீரபாண்டி மாமா வந்தார். அவர் சாமியாடி. பூசை நாளில் கருப்பசாமி வந்து இறங்குவது அவர்மேல்தான். மற்ற நாட்களில் அவருக்குச் சாப்பாட்டின் மேல்தான் நாட்டம். அவர் சின்னதுரையின் விலாவை அமுக்கிப் பார்த்தார். முதுகைத் தட்டினார். பூசைக்குள் இன்னும் ரெண்டு கிலோ ஏறிவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சந்தனம் உள்ளே ஓடி அம்மாவிடம் கேட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். போன மழைக்காலத்தில் தம்பிக்கு விஷக்காய்ச்சல் வந்து கண் செருகிக் கிடந்தானே, அப்போது கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாளாம். போடிச் சந்தையில் அப்பா குட்டி வாங்கி வந்ததே அதற்காகத்தானாம்.

"என்கிட்ட யாருமே சொல்லலையே" என்றாள் சந்தனம். அழக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் அழுகை வந்துவிட்டது.

அன்று அவள் சோறு சாப்பிடவில்லை. சின்னதுரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒன்றும் தெரியாமல் அவள் பாவாடை ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. தம்பியின் காய்ச்சலும் அவளுக்கு நினைவு வந்தது. அம்மா சும்மா நேர்ந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. சாமியிடம் சொன்னதைச் செய்யாமல் விட அம்மாவால் முடியாது என்பதும் தெரிந்தது. அப்படியானால் அம்மா சாமியிடம் சரியாக என்னதான் சொன்னாள்?

மறுநாள் காலையில் அவள் அதையே கேட்டாள்.

"கொம்பு வச்ச கெடாத்தல ஒண்ணு உங் காலடியில வக்கிறேன் கருப்பான்னு சொன்னேன்" என்றாள் அம்மா.

"வெட்டுறேன்னு சொன்னியா?"

"தலைன்னா பின்ன என்னடி, தானாவா கழண்டு வரும்?"

சந்தனம் நிமிர்ந்து அடுப்புக்கு மேலே பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். பலகையிலிருந்து இரண்டு கிடாத்தலைகள் கொம்போடும் மாலையோடும் அவர்களைப் பார்த்தன.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சாமான் அது, அதன்மேல் கண் வைக்காதே என்றாள்.

"நேந்தது நீதானம்மா" என்றாள் சந்தனம். "நான் வளத்த கெடா என்னோடதுல்ல? ஓம் பொருளு அந்தப் பாத்திரந்தான்."

அவள் அதை எதிர்த்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று மாலை திரும்பி வந்ததும் பாத்திரத்தைக் கீழே இறக்கித் துடைத்தாள். திரும்ப மேலே வைத்தாள். மறுபடியும் இறக்கினாள். தம்பி வாசலில் சின்னதுரையின் மேல் ஏறி உட்கார முயன்று, விழுந்து, சிரித்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தான். அம்மா அவனையே பார்த்தாள்.

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் கடைசியில். "லயத்துக்கு யாரு சொல்றது? அம்புட்டுப் பேரும் கறிச்சோத்துக்குல்ல காத்துக்கிட்டிருக்காங்க."

"அத நான் பாத்துக்கிறேம்மா" என்றாள் சந்தனம்.

எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாதுதான். ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியும். நேரே பங்களாவுக்கு ஓடினாள். கறி இல்லாமல் கறிக்குழம்பு வைக்க முடியுமா என்று கபிரியேல் மாமாவைக் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். ஒருமுறை கறி வராத நாளில் துரைக்கே பலாப்பிஞ்சில் குழம்பு வைத்ததாகவும், துரை அதைத் தின்றுவிட்டு ஆட்டைப் புகழ்ந்ததாகவும் சொன்னார். இது வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார். துரைதான் ஊருக்குப் போய்விட்டாரே என்றாள் சந்தனம். பூசைக்கு முந்தின நாள் கபிரியேல் மலைக்குக் கீழே இறங்கி ஒரு சாக்கு பலாப்பிஞ்சோடு வந்தார்.

பூசை நாள் வந்தது. சின்னதுரையை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் எஸ்டேட் ஓரத்தில் இருந்த கருப்பசாமி கோயிலுக்குப் போனார்கள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற வீரபாண்டி மாமாவின் உடம்பு ஆடத் தொடங்கியது. இனி அவர் மாமா இல்லை, சாமி. கையில் அரிவாள், கண் இரண்டும் சிவப்பு. அம்மா பொங்கல் நிறைந்த அந்தப் பீங்கான் பாத்திரத்தோடு முன்னால் போனாள். சந்தனம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"எங்கடி என் கெடா?" என்றது சாமி.

அம்மா பாத்திரத்தைக் காலடியில் வைத்தாள். "கொம்பு வச்ச கெடாத்தல வக்கிறேன்னு சொன்னேன். வச்சுட்டேன் கருப்பா. எங்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதுதான்."

உடுக்கை நின்றது. சாமி குனிந்தது. அரிவாளைத் தரையில் ஊன்றிவிட்டு ஒரு கொம்பைத் தடவியது. பிறகு அந்தப் பக்கத்துக் கொம்பையும் தடவியது.

"சொன்னது ஒரு தல. இங்க ரெண்டு இருக்கு."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணு அம்மா நேந்தது சாமி" என்றாள் சந்தனம் சின்னக் குரலில். "இன்னொண்ணு நான் குடுக்கேன். தம்பியப் பொழைக்க வச்சதுக்கு."

சாமி அவளையே பார்த்தது. பிறகு மலை அதிரச் சிரித்தது. அம்மா நெற்றியில் கொஞ்சம் திருநீறு பூசியது. சந்தனத்தின் நெற்றியில் பூசியபோது அது அவள் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. "மனசு குளுந்துச்சு, போ" என்றது. அம்மா அங்கேயே மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

சாமி மலையேறிய பிறகு வீரபாண்டி மாமா முகம் கழுவி, தண்ணீர் குடித்து, லயத்து வாசலில் பந்திக்கு வந்து உட்கார்ந்தார். சாமி வந்தபோது பேசியது எதுவும் அவருக்கு எப்போதும் நினைவிருப்பதில்லை. பசி மட்டும் நன்றாக நினைவிருந்தது. சந்தனம் அவர் இலையில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் ஒரு வாய் தின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எளங்கெடாக் கறின்னா எளங்கெடாக் கறிதான்யா" என்றார். "பல்லுக்கு வேலையே இல்ல."

பந்தியில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதிப் பேருக்குப் புரையேறியது. அன்றைக்கே விலாவை அமுக்கிப் பார்த்துத் தான் சொன்னதாக மாமா பக்கத்து இலைக்காரருக்கு விளக்கினார். மூன்றாவது தடவை குழம்பு கேட்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ அவர் இலையை இழுத்தார்கள். மாமா விரட்டுவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வந்திருந்த சின்னதுரை, வாயில் பாதி வாழையிலையோடு அவரை முறைத்துப் பார்த்தது. மாமா கிடாவைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். மறுபடியும் கிடாவைப் பார்த்தார்.

"அப்ப நான் தின்னது யாரை?" என்றார்.

பலாப்பிஞ்சை என்றார் கபிரியேல். கெடா வேண்டாம் என்று எவன் சொன்னான் என்று மாமா எகிறினார். லயமே சேர்ந்து அவரைக் கைகாட்டியது.

"நானா சொன்னேன்?"

"நீங்க இல்ல மாமா" என்றாள் சந்தனம். "சாமி."

மாமா உர்ரென்ற முகத்தோடு கிழிந்த பாதி இலையைச் சின்னதுரைக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார்.