இருவர் சம்மதம்

காலைப் பத்தரை மணிக்கு அவன் மேசைக்கு மேலாகக் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். சாப்பிட்ட தட்டுகளை இன்னும் கழுவவில்லை. பதினான்காம் மாடிச் சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தை மூடியிருந்த விளம்பரத் திரை பகல் வெளிச்சத்தையும் மீறி நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டே இருக்க, அந்த நிறங்கள் மேசையின் மீதும் அவன் தாடியின் மீதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் தன் காப்பைக் கழற்றி அவள் மணிக்கட்டில் மாட்டினான். அவளுடையதைத் தான் மாட்டிக்கொண்டான்.

“ஒழுங்காத் தூங்கு, மைக்காரி. போன தடவை நீ புரண்டு புரண்டு படுத்ததுல என் தூக்கம் ஒரு மணி நேரம் குறைஞ்சிடுச்சு.”

“உனக்காகத் தூங்கிக் குடுக்கிறேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“சரி சரி. இன்னைக்கு நீ நான், நான் நீ. குறட்டை மட்டும் விடாத. என் மானம் போயிடும்.”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

அவர்கள் படக்கதை போடுகிறவர்கள். அவன் கோடு வரைவான். அவள் மை போட்டுப் பேச்சுக் குமிழ்களில் எழுத்தை நிரப்புவாள். அதனால் அவனுக்கு அவள் மைக்காரி, அவளுக்கு அவன் கோடு. ஒரே இதயத்தை முறை வைத்துப் பயன்படுத்தும் ஒரு ஜோடியின் காதல் கதை, வாரம் எட்டுப் பக்கம். அந்த நகரத்தில் காப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. கதவு, லிப்ட், குழாய், வரைபலகை எல்லாம் மணிக்கட்டைப் பார்த்துத்தான் ஆளை அறியும். ஆறு மணி நேரத் தூக்கம் பதியாத காப்புக்கு வரைபலகை திறக்காது. அவனுடையது மெதுவான கை. தூங்கினால் எட்டுப் பக்கம் தேறாது. ஆகவே அவள் இரவில் தன் காப்போடு தூங்கினாள், பகலில் அவன் காப்போடு தூங்கினாள். அவள் தூங்கிச் சேர்த்த காப்புகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு அவன் வரைந்தான். நான்கு வருடங்களாக இப்படித்தான்.

அவை இணைக் காப்புகள். ஒருவருடைய நாடித் துடிப்பு மற்றவர் மணிக்கட்டின் உட்புறத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அவள் குளிக்கக் காப்பைக் கழற்றினால்கூட அவன் குளியலறைக் கதவருகே வந்து நிற்பான். அவன் துடிப்பு கொஞ்சம் ஏறினால் அவள் மை கொட்டியது தெரியாமல் எழுந்து ஓடுவாள். இருவரும் அதற்கு அன்பு என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று பகல் அவள் விழித்தபோது திரைச்சீலை அசைந்துகொண்டிருந்தது. குளிர்பெட்டி உறுமியது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எல்லாச் சத்தமும் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனாலும் எதுவோ குறைந்தது. வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுமே, அதுபோல. அவள் படுத்தபடியே அது என்னவென்று தேடினாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள்.

காப்பு தட்டவில்லை.

அவன் வரைபலகையின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தான். பேனா விரல்களுக்கிடையில் இருந்தது. அவன் வரைந்துகொண்டிருந்த கோடு பக்கத்தின் விளிம்புவரை போய், விளிம்பைத் தாண்டி, மேசை மரத்தின் மீதும் கொஞ்சம் போயிருந்தது.

யாரும் கூப்பிடாமலே காப்பு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காப்பு நின்றால் அவர்கள் வருவார்கள். மீசை வைத்தவர் அவன் மணிக்கட்டில் கருவியைக் காட்டிப் படித்தார். கண்ணாடி போட்டவர் உடலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“அண்ணே, இதுல பொம்பளைன்னு போட்டிருக்கு.”

“நம்பர் சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன? தூக்கு.”

“அது என் காப்பு,” என்றாள் அவள். “நாங்க மாத்திப் போட்டிருந்தோம். செத்தது நான் இல்ல.”

மீசைக்காரர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அதை எங்ககிட்ட சொல்லாதீங்கம்மா. சொன்னா நாங்க எழுதணும். ஆபீஸ்ல நேர்ல போய் நின்னு சொல்லுங்க. திருத்திடுவாங்க. திருத்தினாத்தான் அவரோட குரல் உங்களுக்கு வரும்.” தயங்கினார். “இல்லன்னா உங்களோடதுதான் வரும்.”

அவர் சொன்னது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இணைக் காப்பு வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள்: ஒருவர் போய்விட்டால் அவர் பேசிய பேச்செல்லாம் சேர்ந்து மற்றவரோடு பேசும், அதற்கு நினைவுத்துணை என்று பெயர். பதினொரு வருடப் பேச்சு. அவனை எடுத்துக்கொண்டு அவர்கள் லிப்டில் இறங்கிய பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அதை மட்டுமே நினைத்தாள். நாளைக் காலை ஆபீஸ். திருத்தம். பிறகு அவன் குரல். அதற்காக ஒரு ராத்திரியை எப்படியாவது தள்ளிவிடலாம்.

அந்தி சாயும் நேரத்தில் காப்பு தட்டத் தொடங்கியது.

அவள் கையை உதறினாள். அது தட்டியது. அவளுடைய பழைய துடிப்பு. அவளுடைய காப்பு இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தது. வேகமான, சின்னச் சின்னத் தட்டல்கள். கழற்றப்போனாள். அப்போது நடுவில் ஒரு தட்டல் தாமதமாக, கனமாக, ஒரு படி தவறி இறங்குவதுபோல் வந்தது. அது அவனுடையது. அவளுடைய காப்பை அவன் மாட்டியிருந்த நாட்களில் பதிந்த ஒன்று. விரல் கொக்கியிலேயே நின்றுவிட்டது. மணிக்கட்டைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்தாள். நூறு தட்டலில் ஒன்று அவனாக இருக்கலாம். அந்த ஒன்றுக்காக விடியும்வரை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

காலையில் ஒரு பெண் குரல் எழுப்பியது.

“கோடு, எழுந்துட்டியா? தலை வலிக்குதா உனக்கு?”

தன் குரலை வெளியிலிருந்து கேட்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் இது அவள் தொலைபேசியில் பேசும் குரல் அல்ல, தங்கையிடம் பேசும் குரலும் அல்ல. அவனிடம் மட்டும் பேசிய குரல். குழைந்து, வெதுவெதுப்பாக, கழுத்தடியில் மூச்சு விடுவதுபோல.

“நான் கோடு இல்ல,” என்றாள். “நான் நீதான்.”

காப்பு சிரித்தது. “ஆமாமா. நீ நான், நான் நீ. தினமும் சொல்றதுதானே?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவுக்குப் போனாள். பூட்டின் விளக்கு சிவப்பாக இருந்தது. காப்பைக் காட்டினாள். சிவப்பு. மறுபடியும். சிவப்பு.

பிறகு நினைவு வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் அவன் கதவு திறந்ததும் காப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, படி வழியாக இறங்கிச் சொல்லாமல் வெளியே நடக்கப் போயிருந்தான். ஆறு மணி நேரம். திரும்பி வந்தவனிடம் அவள் சண்டை போடவில்லை, அழுதாள். மறுநாள் கதவுக்கு இருவர் சம்மதம் போட்டாள். அவன் காப்புக்குக் கதவு திறக்க வேண்டுமானால் அவள் சரி என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவனும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். இப்போது அவள் கையில் இருந்தது அவன் காப்பு; பதிவில் அவள் செத்த பிறகும் அந்தச் சம்மதம் அவள் குரலிடமே இருந்தது.

“எங்க கிளம்பிட்ட?” என்றது குரல்.

“ஆபீஸுக்கு. கதவைத் திற.”

“இப்பவேவா? சரி, போ. நான் என்ன தடுக்கவா போறேன்?” குரல் இன்னும் குழைந்தது. “ஆனா நீ போனா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். உனக்கே தெரியும்.”

மணிக்கட்டில் துடிப்பு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. விளக்கு சிவப்பிலேயே நின்றது.

ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்ன சொல். சிரித்துக்கொண்டு சொன்னது. அவன் இதே இடத்தில், செருப்போடு, அரை மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, பேசாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்த நாட்கள் எத்தனை? அப்போதெல்லாம் அவன் முகத்தை அவள் பார்த்திருக்கிறாளா? பார்த்த ஞாபகம் இல்லை. அவள் பார்த்தது மணிக்கட்டைத்தான். துடிப்பு இறங்கிவிட்டதா என்று.

அரை மணி நேரம் நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.

“என் ராசா,” என்றது குரல்.

சுவர்ப்பெட்டியில் சாப்பாடு வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கதவை நாற்காலியால் அடித்துப் பார்த்தாள்; இரும்புக் கதவு, நாற்காலிதான் உடைந்தது. சன்னலில் நின்று கத்தினாள். கீழே காதில் ஒலிக்கருவி செருகியிருந்தவர்கள் அவரவர் நினைவுத்துணையோடு பேசிச் சிரித்தபடி போனார்கள். நான்காம் நாள் தங்கையை அழைத்தாள்.

“அத்தான்?” என்றாள் தங்கை.

“நான்டி! அக்கா பேசுறேன். நான் சாகல. அவர்தான் போயிட்டாரு.”

மறுமுனையில் அழுகை. “அத்தான், இப்படியெல்லாம் பேசாதீங்க. நீங்க குழம்பிப் போய்ப் பேசுவீங்கன்னு அக்கா முன்னாடியே சொன்னா.”

“எந்த அக்கா?”

“தினமும் என்கிட்ட பேசுறாளே. உயிரோட இருந்தப்போ மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா, அதுவும் அவசர அவசரமா வெச்சிடுவா. இப்பதான் என் அக்கா எனக்குக் கிடைச்சிருக்கா.” மூக்கை உறிஞ்சினாள். “உங்க குரல்தான் ரொம்பக் கரகரன்னு இருக்கு அத்தான். வெந்நீர் குடிங்க.”

உங்க குரல்.

அவள் போனைக் கீழே வைத்தாள். அந்த நகரத்தின் இரைச்சலில் தொண்டைக் குரல் எடுபடாது என்று, போனும் வாசல் ஒலிபெருக்கியும் சொற்களை மட்டும் வாங்கிக்கொண்டு, காப்புக்கு உரியவரின் பதிந்து வைத்த குரலில்தான் வெளியே விடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் யோசிக்காத விஷயம். அவள் வாயிலிருந்து போன சொல்லெல்லாம் அங்கே அவன் குரலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவன் குரல் உலகத்தில் இருக்கிறது. அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் கேட்கும்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. வீட்டின் பல மூலைகளிலிருந்து தன் குரல் கேட்டது, அடுப்பருகே தங்கையோடு பேசும், அதே நேரம் படுக்கையருகே அவனைச் சாப்பிடச் சொல்லும், குளியலறைக் கதவில் “முடிஞ்சுதா?” என்று கேட்கும். ஒருமுறை இருட்டில் அவள் “சரிம்மா” என்று பதில் சொன்னாள். அவன் சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் வாசல் மணி அடித்தது.

“அத்தான், நான்தான். கதவைத் திறங்க. மனசு கேட்கல, வந்துட்டேன்.”

தங்கை. ஒரு கதவுக்கு அப்பால்.

கதவின் கீல் பக்கம் இரும்பு சற்று வளைந்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாத இடுக்கு இருந்தது. வெளிக்காற்று அதன் வழியாக வந்தது. தங்கை தலைக்கு வைத்திருந்த எண்ணெயின் வாசம்கூட வந்தது. அவள் அந்த இடுக்கில் வாயை வைத்தாள். எந்தக் கருவியும் நடுவில் இல்லை. ஒரு சத்தம் போட்டால் போதும். தன் சொந்தத் தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம். தங்கைக்குத் தெரிந்துவிடும். ஆபீஸுக்கு ஓடுவாள். கதவை உடைப்பார்கள்.

பக்கத்துச் சுவரில் வாசல் ஒலிபெருக்கியின் பொத்தான் இருந்தது.

அதை அழுத்திப் பேசினால் வெளியே அவன் பேசுவான். இடுக்கு வழியாக அது உள்ளே கேட்கும்.

வாயை வைக்கலாம். காதை வைக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது.

“அத்தான்? உள்ள இருக்கீங்களா?”

ஒரே ஒரு தடவை. ஒரு சொல் கேட்டுவிட்டு, பிறகு கத்தலாம்.

அவள் காதை வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“இருக்கேன்,” என்று கிசுகிசுத்தாள்.

“இருக்கேன்,” என்றான் அவன், வெளியே.

அவள் காதை இன்னும் அழுத்தினாள். அதே தடிப்பு. அதே லேசான இழுப்பு. தூங்கி எழுந்தவன் குரல்.

“எப்படி இருக்கீங்க அத்தான்?”

“நல்லா இருக்கேன்.” நல்லா இருக்கேன். “நீ அழாத.” நீ அழாத. “நீ வீட்டுக்குப் போம்மா.” போம்மா. அந்த ம்மாவை அவன் நீட்டுகிற நீட்டல். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு வாக்கியம்.

“கதவைத் திறக்க மாட்டீங்களா?”

“இன்னொரு நாள் வா. எனக்கு உங்க அக்கா துணை இருக்கா.”

தங்கை மூக்கைச் சிந்தும் சத்தம். “சரி அத்தான். நீங்க சொன்னா சரி.” காலடிகள். லிப்ட் வந்த மணி. மூடியது. இறங்கியது.

கத்தவில்லை.

மணிக்கட்டில் துடிப்பு அமைதியாக, திருப்தியாகத் தட்டியது. “வெளிய போகணுமா கோடு?” என்றது அவள் குரல், காதருகே.

அவள் பொத்தானை அழுத்தினாள். “இல்ல. நான் எங்கேயும் போகல,” என்றாள். வெளியே அவன் சொன்னான். எங்கேயும் போகல.

கிளிக்.

விளக்கு பச்சையானது. அவன் போகவில்லை என்று சொன்ன நாட்களில் மட்டும்தான் அவள் சம்மதம் தருவாள். அப்படித்தான் எப்போதும் செய்திருந்தாள். கதவு தானாக ஒரு விரல் அளவு திறந்தது. தாழ்வாரத்தின் வெளிச்சம் அவள் பாதத்தின் மேல் ஒரு கோடாக விழுந்தது.

கதவு திறந்திருந்தால் ஒலிபெருக்கி வேலை செய்யாது.

அவள் தோளைக் கொடுத்துக் கதவை மூடினாள். மூடியபடி பிடித்துக்கொண்டாள். கன்னத்தை இரும்பில் ஒட்டி, காதை இடுக்கில் வைத்து, விரலால் பொத்தானைத் தேடினாள்.

“பேசு,” என்றாள்.

“பேசு,” என்றான் அவன்.

“என்ன பேசறது?” என்று சிரித்தது அவள் குரல்.

அன்றைக்கும் அடுத்த நாளும் தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. இப்போதும் பூட்டியிருக்கவில்லை.