குளியலறைத் தாழ்ப்பாள்

"என்னால முடியாதும்மா! நீயே போட்டுவிடேன்... கெஞ்சிக் கேக்கறேன்!"

"முடியலன்னா ரெண்டு பேரும் இங்கேயேதான் கிடப்போம். குழாயை எடு!"

விடிந்ததும் விடியாததுமாய்க் குளியலறைக்குள்ளிருந்து இந்தக் கூச்சல் கேட்பது இது ஒன்பதாவது நாள். அடுப்படியில் நின்ற, அந்த அம்மாவின் நாத்தனார் கரண்டியை விசிறி எறிந்தாள்.

"கேட்டியாடா தம்பி? ஆபரேஷன் பண்ணின பிள்ளையை உள்ள பூட்டிவெச்சு சித்திரவதை பண்றா! இதோ பாரு, இதைத்தான் வயித்துல குத்தறாளாம்!" அலமாரியிலிருந்த குழாய்ப் பொட்டலங்களை அள்ளி அடுப்பில் போட்டாள். பிளாஸ்டிக் கருகி நாற்றமடித்தது.

தம்பிக்கு இரும்புப் பட்டறை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை வளைக்கிற மனிதர், மகளின் வயிற்றை மட்டும் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. எட்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே மூத்திரப் பை சரியில்லை. டாக்டர்கள் குடல் துண்டை வைத்துப் பையைப் பெரிதாக்கி, தொப்புளில் ஒரு சின்ன வழி வைத்திருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் குழாயைச் செருகி வடிக்க வேண்டும். தவறினால் பை கிழிந்துவிடலாம். மனைவி சொல்ல வாயெடுத்தால், "அந்தப் பேச்சே வேண்டாம், மயக்கம் வருது" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். மகளோ, "அத்தைகிட்ட சொன்னே, உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவின் பேச்சைக் கேட்டு அவர் குளியலறைக் கதவைத் தோளால் இடித்தார்; மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. நுழைந்த வேகத்தில் மனைவியை அறைந்தார். அவள் முகம் சுவரிலிருந்த தண்ணீர்க் குழாயில் மோதி உதடு கிழிந்தது. கூந்தலைப் பிடித்து இழுத்தார். அப்போதும் அவள் ஒரு கையை மட்டும் உயரத் தூக்கியே வைத்திருந்தாள். அதில் உறை பிரிக்காத கடைசிக் குழாய்.

"அடிங்க! கொன்னே போடுங்க! இதை மட்டும் தொடாதீங்க... நேரம் தாண்டிப் போச்சு!"

"அப்ப நீ போட்டுவிட வேண்டியதுதானே? எதுக்குடி அழவிடறே?"

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம்! தானே போட்டுக்கத் தெரிஞ்சாத்தான் சேத்துக்குவாங்க. ஒரு வருஷமா ஜன்னல்ல நின்னு மத்த பிள்ளைங்க போறதைப் பாத்து ஏங்கறா... நீங்க என்னிக்காவது பாத்தீங்களா? என்னை அரக்கின்னு வெறுக்கட்டும்! அவ போகணும்!"

அவர் கை மறுபடி ஓங்கியது.

"அப்பா! அம்மாவை அடிக்காதீங்க!"

மகள் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கலவரத்திலும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சோப்புப் போட்டுக் கை கழுவினாள். முக்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை உள்ளே செலுத்தினாள். ஒன்றும் வரவில்லை... இன்னும் கொஞ்சம். வாளியில் சளசளவென்று விழத் தொடங்கியது. அது நின்றதும் குழாயை மெல்ல உருவினாள்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "படுபாவி, எல்லாத்தையும் எரிச்சுட்டேனே!"

"அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு, அண்ணி. பத்து மணிக்குள்ள வேற குழாய் வேணும்" என்றாள் அவள், உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி. பிறகு கணவனிடம் திரும்பினாள். "இன்னொரு தரம் கை நீட்டினீங்க, நானும் என் மகளும் இந்த வீட்டுல இருக்க மாட்டோம்."

அவர் தலை குனிந்தபடியே மருந்துக்கடைக்கு ஓடினார்.

பத்து மணி. மகள் புதுக் குழாயோடு குளியலறைக்குள் போனாள். கதவு சாத்தினால் நிற்கவில்லை.

"யாரும் பாக்கக் கூடாது! அம்மாவும்தான்!"

பட்டறைக்காரர் முன்னால் வந்தார். காலையில் கதவை இடித்த அதே தோளை இப்போது அதில் முட்டுக் கொடுத்து நின்றார்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா கண்ணு."

"அழறீங்களா?"

"இல்லடா..." என்றார், தேம்பிக்கொண்டே.

அடுப்படியில் நாத்தனார் தன் முந்தானையை நனைத்து, தம்பி மனைவியின் வீங்கிய உதட்டில் ஒற்றினாள். அவ்வளவு அடிக்கும் அழாதவள், அப்போதுதான் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"முடிஞ்சுது! நகருங்கப்பா!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.