மணி உனக்கு, நிமிடம் எனக்கு

விடிந்ததும் தீர்த்தகிரிக்குக் கடிகாரத்தின் பெரிய முள் மட்டுமே புரிந்தது. சின்ன முள் வெறும் குச்சியாகத் தெரிந்தது. அறைத்தோழன் எட்வினுக்கு நேர்மாறு. இருவரும் சேர்ந்து நின்றால்தான் மணி என்னவென்று தெரியும்.

எண்பதிப்பான் கருவி மேல் தவறில்லை. தலையில் மாட்டிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டால் தமிழ் எண்களை அழித்து, அந்த இடத்தில் கொரிய எண்களைப் பதித்துவிடும். எதை எண்ண எந்த எண் என்பதையும் சேர்த்தே. கொரியர்களிடம்தான் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தன. மணிக்கும் வயதுக்கும் ஆட்களுக்கும் ஹானா, தூல், செத். நிமிடத்துக்கும் தேதிக்கும் மாடிக்கும் இல், இ, சாம். ஒரு தூக்கத்துக்கு ஒரு வரிசைதான் ஏறும். கொரியாவில் புசான் கப்பல் தளத்து வேலைக்கான நேர்முகமோ மறுநாளே.

கல்லூரியில் ஒற்றைப்படை யூனிட் எட்வின், இரட்டைப்படை யூனிட் தீர்த்தகிரி என்று பிரித்துப் படித்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அரியர் இல்லாமல் கரையேறியவர்கள். வரிசைகளையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள்.

கம்பெனியின் ஒரகடம் அலுவலகத்தில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மனிதவள அதிகாரி ஹேமலதா எட்வினிடம் தேதி கேட்டார், மாடி கேட்டார், நிமிடம் கேட்டார். எட்வின் விழித்தான். வினாத்தாள் முழுக்க இரட்டைப்படை யூனிட். தீர்த்தகிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

ஹேமலதா அவனுக்குக் கைகுலுக்கிவிட்டு, புசானிலிருந்து வந்த உத்தரவை வாசித்தார். "ஹான் மியோங் அனுப்பணுமாம். மியோங்னா ஆளு."

"ஹான்னா எவ்ளோ மேடம்?"

அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "அதான் தெரியல. கம்பெனியில எங்களுக்கு நிமிஷ வரிசை மட்டும்தான் ஏத்திவிட்டாங்க."

தீர்த்தகிரிக்கும் தெரியவில்லை. தன்னைத் தானே எண்ணிப் பார்த்தான், எண் வரவில்லை. பிறகு கதவைத் திறந்து, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்த எட்வினைக் கூப்பிட்டான். "டேய், ஆள் கணக்கு உன்னோடதுதான. இத வந்து பாரு."

அந்தக் கட்டடத்திலேயே ஆட்களை எண்ணத் தெரிந்தவன், சற்று முன் தோற்றுப்போன எட்வின் மட்டும்தான். கடிதத்தைப் பார்த்தான். ஹான் மியோங். ஒரே ஓர் ஆள். சந்தேகத்துக்கே இடமில்லை. நண்பனைப் பார்த்தான். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தான்.

"என்னப்பா போட்டிருக்கு?" என்றார் ஹேமலதா.

எட்வின் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

"எங்களத்தான் மேடம் வரச் சொல்லியிருக்காங்க."